கேட்டு எடுத்த படங்கள்: டோக்கியோ காமிகெட் நாட்குறிப்பு

முதல் நாள், டிசம்பர் 28

காலையில் நரிதாவில் இறங்கினேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்ததில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. சித்தி மகன் விமான நிலையத்துக்கே வந்துவிட்டான். அவன் இருப்பது நிஷி-கசாயில். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி அது. வீட்டுக்குப் போனதும் சாம்பார் வாசனை வந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பையைத் திறந்தேன்.

நான் வந்திருப்பது காமிகெட்டுக்கு. காமிக் மார்க்கெட் என்பதன் சுருக்கம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும், டோக்கியோ பிக் சைட் என்ற கண்காட்சி மையத்தில் நடக்கிறது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்த புத்தகங்களை மேசை போட்டு விற்பதுதான் இதன் உயிர். அதோடு சேர்ந்து வளர்ந்தது காஸ்ப்ளே, அதாவது பிடித்த கதாபாத்திரம் போல வேடமிட்டு வருவது. எனக்கு வேலை அந்தப் பக்கம்தான்.

2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முதலாகக் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா நடந்தபோது கேமராவோடு போயிருந்தேன். ஒரு கல்லூரி மாணவி, தோளிலிருந்து முழங்கால் வரை கவசம். ஆறு மாதம் உட்கார்ந்து செய்தேன் என்றார். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவர் தலைக்குப் பின்னால் யாரோ ஒருவர் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், கவசம் முழுக்க ஃப்ளாஷ் பட்டு வெள்ளைத் திட்டு. ஆறு மாத உழைப்புக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான் என்று தோன்றியது. அந்தப் படத்தை அவருக்கு அனுப்ப மனம் வரவில்லை. அன்றிலிருந்து இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம்.

சரி, இன்றைய முதல் சிக்கல்: சார்ஜர். நம் ஊர் உருண்டை முள் இங்கே எந்தத் துளையிலும் நுழையாது. ஜப்பானில் இரண்டு தட்டை முள், 100 வோல்ட். சார்ஜரின் பின்புறம் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்ததால் மின்சாரம் ஒத்துப்போகும், முனைதான் இல்லை. மாலையில் இருவரும் நாகானோவுக்குப் போனோம். 1966-இல் கட்டிய நாகானோ பிராட்வே வணிக வளாகம் மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் பழைய பிரதிகள், பொம்மை, அனிமே எனும் ஜப்பானிய அசைபடங்களின் ஓவியத் தாள் எல்லாம் விற்கும் கடைகளால் நிரம்பியது. அந்த வட்டாரத்திலேயே பழைய கேமரா விற்கும் கடையும் உண்டு. முள் மாற்றி ஒன்றும் கூடுதலாக இரண்டு பேட்டரியும் வாங்கினேன். லென்ஸ் அடுக்கின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். எதையும் வாங்கவில்லை. 35 மி.மீ ஒன்று, 85 மி.மீ ஒன்று, கைவசம் இருக்கும் இந்த இரண்டையும் முழுதாகப் பழகிவிட்டு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாம் நாள், டிசம்பர் 29

ஷின்-கிபா போய், அங்கிருந்து ரின்காய் ரயிலில் இரண்டாவது நிலையம், கொக்குசாய் தென்ஜிஜோ. வெளியே வந்து நடந்தால் தூரத்திலேயே பிக் சைட் தெரிகிறது. கூர்முனை கீழே பார்த்தபடி நான்கு பிரமிடுகள், தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. 1996-இல் திறந்த கட்டடம். அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்தே காமிகெட் இங்கேதான். பக்கத்தில் தரையை அறுப்பது போல ஒரு ராட்சத ரம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள். கிளாஸ் ஓல்டன்பர்க், கூஸ்யே வான் ப்ருகன் இருவரும் செய்த சிற்பம். நாளை கூட்டத்தில் தம்பியைத் தொலைத்தால் ரம்பத்தடியில் சந்திப்பது என்று பேசிக்கொண்டோம்.

விழா நாளைதான். இன்று உள்ளே மேசைகள் போடும் வேலை. நான் வந்தது வெயிலைப் பார்க்க. கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர்கள் முந்தின நாளே மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள் அல்லவா, அதேதான்.

டிசம்பர் கடைசியில் டோக்கியோவில் உச்சி வேளையிலும் சூரியன் வானத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத்தான் ஏறுகிறது, சுமார் 31 டிகிரி. நம் ஊரில் மாலை நாலு மணி வெயில் எப்படிச் சாய்ந்து விழுமோ, அது இங்கே நண்பகலில். கோடைக் காமிகெட்டில் வெயில் தலைக்கு நேரே நின்று கண்குழியில் கறுப்பு நிழல் போடும். குளிர்காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெயிலை எதிரே பார்த்து நிற்பவருக்குக் கண் கூசும். கண்ணில் வண்ண லென்ஸ் வேறு மாட்டியிருப்பார்கள். அதனால் சூரியனை அவர்கள் முதுகுக்குப் பின்னால் வைப்பது என்று முடிவு செய்தேன். முகம் நிழலில் இருக்கும், முடி ஓரம் மினுங்கும். முகத்துக்கு அளவு பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் வானம் கொஞ்சம் வெளுத்துப் போகும். போகட்டும். சூரியன் நாலரைக்குச் சற்றுப் பின்பு மறைகிறது. ஆனால் இவ்வளவு பெரிய கட்டடத்தின் நிழல் அதற்கு வெகு முன்பே தரையை மூடிவிடும். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிழல் என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

அப்புறம் தம்பியை நிற்க வைத்துத் தூரம் அளந்தேன். இது நேரில் செய்து பார்த்தால்தான் புரியும். 85 மி.மீ-இல் ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்கக் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் பின்னே போக வேண்டும். கூட்டத்தில் ஐந்து மீட்டர் இடைவெளி விட்டால் நடுவில் பத்துப் பேர் நடந்து போவார்கள். ஆகவே அந்த லென்ஸ் இடுப்புக்கு மேல் எடுக்க மட்டும். அதற்கு இரண்டு மீட்டர் சொச்சம் போதும், பின்னால் இருக்கும் கூட்டமும் கரைந்துவிடும். முழு உருவத்துக்கு 35 மி.மீ. அதிலும் நின்ற நிலையில் கண் உயரத்திலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குறுகும். கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, சாய்க்காமல் நேராகப் பிடித்தால் உடல் அளவு சரியாக வருகிறது. அதற்கும் கீழே போகக் கூடாது. தரையோடு தரையாக, கீழிருந்து மேல் நோக்கி எடுப்பதை இங்கே வெளிப்படையாகத் தடுத்திருக்கிறார்கள். தடுத்ததற்கான காரணத்தை எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரவு மின்னணுக் கடைகளும் அனிமே கடைகளும் நிறைந்த அகிஹபாராவில் சுற்றினோம். கட்டட உயரத்துக்கு எல்இடி பலகைகள். கேமராவைச் சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் வைத்திருந்தேன். எடுத்த படமெல்லாம் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. நம் கண்ணுக்குத் தெரியாமல் அந்த விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. இயந்திர ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 விநாடிக்கு இறக்கியதும் அனேகமாகச் சரியாகிவிட்டது. டோக்கியோ மின்சாரம் நம்முடையதைப் போலவே 50 ஹெர்ட்ஸ். ஒசாகா பக்கம் 60. நூற்றாண்டுக்கு முன் ஒரு நகரம் ஜெர்மனியிலிருந்தும் இன்னொன்று அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால் வந்த வேறுபாடு இன்னும் அப்படியே நீடிக்கிறது.

ஷட்டர் சத்தத்தை இனி அணைப்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். ஜப்பானில் விற்கும் பெரும்பாலான கைபேசிகளில் படம் எடுக்கும் சத்தத்தை அணைக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள், தெரியாமல் யாரும் யாரையும் எடுக்கக் கூடாது என்பதற்காக. என் கேமராவும் சத்தம் போடட்டும். எதிரே நிற்பவருக்கு எடுத்தாயிற்று என்று தெரியும், அடுத்த நிலைக்கு மாற வசதியாகவும் இருக்கும்.

மூன்றாம் நாள், டிசம்பர் 30

கையில் கட்டும் நுழைவுப் பட்டையை முன்பே வாங்கி வைத்திருந்தோம். அப்படியும் வரிசையில் நெடுநேரம். கடல் காற்று காதை அறுத்தது. ஆனால் இப்படி ஒரு வரிசையை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கானோர், ஒரு முண்டியடிப்பு கிடையாது. ஒழுங்குபடுத்துபவர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள். “ஓடாதீர்கள், நடந்து போங்கள்” என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். விழா தொடங்குகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் வெளியே நின்றவர்களும் உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒன்றாகக் கைதட்டினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தம்பி ஒரு விஷயம் சொன்னான். காமிகெட்டில் வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாதாம். விற்பவர், வாங்குபவர், வேலை செய்பவர் எல்லாருமே பங்கேற்பாளர்கள். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் தொரனோமொன் பகுதியில் ஒரு சிறு அரங்கில் 32 குழுக்களும் சுமார் 700 பேரும் கூடித் தொடங்கியது இது. வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். 2019 டிசம்பரில் நான்கு நாளில் ஏழரை லட்சம் பேர் என்ற அளவுக்கு வளர்ந்த பிறகும் அந்தப் பேச்சை அவர்கள் மாற்றவில்லை. கேமரா பிடித்த நானும் பங்கேற்பாளர்தான் என்றால், எனக்கும் இங்கே ஒரு பொறுப்பு இருக்கிறது.

புத்தக அரங்குகளுக்குள் கேமராவைப் பையிலேயே வைத்தேன். அங்கே கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. காஸ்ப்ளேயர்களைப் படம் எடுக்கத் தனி இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் போனது மேற்கு அரங்கத்தின் மேல்தளத்தில் உள்ள திறந்தவெளி. வீட்டிலிருந்து வேடத்தோடு யாரும் வரக் கூடாது. இங்கே வந்து உடை மாற்றும் அறையில் மாற்றிக்கொண்டு, போகும்போது பழைய உடையில்தான் போக வேண்டும். அதனால்தான் ஒவ்வொருவரும் ஒரு பெரிய சக்கரப் பெட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். முக்காலி, ஏணி, விளக்குத் தாங்கி என்று விரித்து இடத்தை அடைத்துக்கொள்வதும் இங்கே ஆகாது. கேமரா மேல் மாட்டும் சிறிய ஃப்ளாஷோடு வேலையை முடிக்க வேண்டியதுதான்.

முறைகளைச் சொல்கிறேன், இனி வருபவர்களுக்கு உதவும். ஒருவர் முன் கேமராக்காரர்கள் வரிசையாக நின்றால் நாமும் கடைசியில் போய் நிற்க வேண்டும். நம் முறை வந்ததும் “ஷாஷின் தொத்தெமோ ஈ தெஸ்கா”, படம் எடுக்கலாமா என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் கேமராவை உயர்த்துவது. கூட்டம் மிகுந்தால் வரிசை கலைந்து அரைவட்டமாகச் சூழ்ந்துகொள்கிறார்கள். அதற்குப் பெயர் ககோமி, சூழ்தல். அதில் அவர் பார்வை நம் பக்கம் வர வேண்டுமானால் கையை உயர்த்தி “மெசென் ஒனெகாய் ஷிமாஸ்” என்று கேட்கலாம். பார்வை தாருங்கள் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ககோமி நீண்டுகொண்டே போனால் யாராவது ஒருவர் “இன்னும் பத்து விநாடி” என்று அறிவிப்பார். பத்திலிருந்து கீழே எண்ணுவார்கள். பூஜ்யம் வந்ததும் எல்லாக் கேமராவும் இறங்கும், எல்லாரும் நன்றி சொல்லிக் குனிவார்கள், அவர் நகர்ந்துவிடுவார். அதற்குப் பிறகு ஒரு ஷட்டர் சத்தம்கூடக் கேட்காது. காஸ்ப்ளேயர்களைப் படம் எடுப்பவரைக் கமேகோ என்கிறார்கள். கேமராப் பையன் என்று பொருள். நான் பெண் என்றாலும் எனக்கும் அந்தப் பெயர்தான்.

பதினோரு மணியிலிருந்து ஓயாமல் எடுத்தேன். சூரியனை முதுகுப் பக்கம் வைக்கும் திட்டம் நன்றாகவே வேலை செய்தது. தரையின் வெளிர் கான்கிரீட்டே வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் போட்டது, ஃப்ளாஷ் தேவைப்பட்டது ஐந்தாறு முறைதான். தவறியது நிறத்தில். ஒருவர் ரத்தச் சிவப்பு விக்கும் அதே நிறத்தில் மேலங்கியும் அணிந்திருந்தார். திரையில் பார்த்தபோது நன்றாக இருந்தது. பெரிதாக்கினால் சிவப்பு முழுக்க ஒரே குழம்பாக, துணியின் மடிப்பே இல்லாமல் இருந்தது. கேமராவின் மொத்த ஒளி அளவு சரி என்று காட்டினாலும் சிவப்பு மட்டும் தனியே எல்லை தாண்டிப் போயிருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே வரைபடம் காட்டும் வசதி கேமராவில் இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த சிவப்பு விக்கிலிருந்து வெளிச்சத்தை ஒரு படி குறைத்து, பிறகு திருத்த இடம் தரும் ரா ஃபைலாக எடுத்தேன்.

கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஃபோகஸும் இங்கே தடுமாறுகிறது. நெற்றி முடி ஒரு கண்ணை மறைத்திருக்கும், இன்னொன்றில் பெரிய ஊதா லென்ஸ் இருக்கும். கேமரா போய் விக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியை நானே கண் மேல் வைப்பதுதான் நம்பிக்கையாக இருந்தது. காற்று வீசும்போது அவசரப்படாமல் நிற்கவும் கற்றேன். காற்று ஓய்ந்ததும் அவர்கள் கை தானாக முடியைச் சரிசெய்யும். அதற்கு அடுத்த நொடிதான் எடுக்கும் நேரம்.

பன்னிரண்டரை மணிக்குப் பேட்டரி செத்தது. குளிரில் சீக்கிரம் தீரும் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று எதிர்பார்க்கவில்லை. மாற்றுப் பேட்டரிகளைப் பையின் வெளிப்பக்கம் வைத்தது தவறு. அவையும் சில்லிட்டுக் கிடந்தன. எடுத்து உள்சட்டைப் பையில் போட்டு உடம்புச் சூட்டில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேலை செய்தன. தம்பி ஒரு கைரோ கொடுத்தான். இரும்புத் தூள் அடைத்த சிறு பை, காற்றுப் பட்டதும் சூடாகும். அது என் விரல்களுக்கு.

இரண்டு மணி வாக்கில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். வெள்ளி நிற விக், கருநீல அங்கி, ஆளுயரத் தடி, தடி நுனியில் கைப்பிடி அளவில் ஒரு நீலக் கல். வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர்தான். வெயிலை முதுகில் வைத்து நாலைந்து படம் எடுத்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். புன்னகைத்து, குனிந்து நன்றி சொன்னார். தன் பெயர் அச்சிட்ட சிறு அட்டையும் தந்தார். படம் அனுப்ப வேண்டிய முகவரி அதில் இருக்கும், இங்கே அது வழக்கம்.

நகர்ந்த பிறகு தம்பி சொன்னான். “அக்கா, அவங்க மெதுவா ஒண்ணு சொன்னாங்க, கவனிச்சியா? ‘வெளிச்சம் தெரியலை’ன்னு.”

“எந்த வெளிச்சம்?”

“அந்தக் கல்லு உள்ள விளக்கு எரியுதாம்.”

திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னால் வேறு ஆள் நின்றிருந்தார்.

இரவு வீட்டில் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். கூர்மை இருக்கிறது, பின்னணி சுத்தம், நிறமும் பாதிக்கு மேல் சரி. ஆனால் ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் எல்லாம் ஒரே படம் போல இருக்கிறது. இடுப்புக்கு மேல் ஒரு உருவம், பின்னால் மங்கல், முடி ஓரத்தில் வெளிச்சம். எல்லாருக்கும் ஒரே அச்சைப் போட்டு எடுத்திருக்கிறேன். சென்னையில் அந்த மாணவிக்குச் செய்த அதே பிழையைத்தான் இங்கே கொஞ்சம் அழகாகச் செய்திருக்கிறேன். நீலக் கல் படத்தில் கல் ஒரு கண்ணாடித் துண்டாகத்தான் தெரிந்தது.

தூங்குவதற்கு முன் தம்பியிடம் ஒரு அட்டை கொடுத்து ஜப்பானியத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். “இந்த வேடத்தில் எதைச் செய்ய உங்களுக்கு அதிக நேரம் பிடித்தது?”

நான்காம் நாள், டிசம்பர் 31

இன்று எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படவில்லை. வரிசை நீளமாக இருந்த இடங்களைத் தவிர்த்தேன். அங்கே நின்று இந்தக் கேள்வியைக் கேட்பது பின்னால் நிற்பவருக்குச் செய்யும் அநியாயம். ஓரமாக, தனியாக, இரண்டு மூன்று பேர் மட்டுமே சூழ்ந்திருந்தவர்களிடம் போனேன்.

முதலில் கேட்டது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம். உடம்பு முழுக்கப் போர்க்கவசம். அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார், தன் இடது தோளைத் தட்டிக் காட்டினார். கவசம் முழுவதும் ஈவிஏ ஃபோம், நம் ஊரில் குழந்தைகள் விளையாடும் பாய் இருக்கிறதே, அந்தப் பொருள். சூடான காற்றடித்து வளைத்து, மேலே பூசி, வண்ணம் தீட்டியிருக்கிறார். கவசம் செய்ததைவிட அதைப் பழசாக்கத்தான் நேரம் பிடித்ததாம். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். இது வாள் பட்டது, இது குதிரையிலிருந்து விழுந்தபோது பட்டது. அந்தக் கதாபாத்திரத்துக்கு இடது பக்கம்தான் எப்போதும் அடிபடும் என்றார்.

நேற்றைய முறையில் வெயிலை முதுகில் வைத்திருந்தால் இந்தக் கீறல் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. முதுகு வெயில் மேற்பரப்பை வழவழப்பாக்கும். அவரைத் திருப்பி, சாய்வெயில் இடது தோளை உரசிக்கொண்டு போகும்படி நிற்கச் சொன்னேன். ஒவ்வொரு கீறலும் ஒரு சிறு நிழலோடு எழுந்து நின்றது. முகத்தில் பாதி இருட்டு. அந்த வேடத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. திரையைக் காட்டியபோது அவர் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பிறகு நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்தவர் கிமோனோ போன்ற நீண்ட கை வைத்த உடையில் ஒரு பெண். கையின் கீழ் ஓரத்தில் கொக்குகள், பூ வேலை. அச்சுத் துணி என்றுதான் நினைத்தேன். அட்டையைப் படித்ததும் அவர் உடையின் கையைத் தூக்கி ஓரத்தைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். நூல் முடிச்சுகள்! ஊசியால் தைத்திருக்கிறார், நான்கு மாதம். என் 85 மி.மீ 80 சென்டிமீட்டருக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் கொக்கு ஒன்றும் அதைப் பிடித்திருக்கும் அவர் விரல்களும் சட்டத்துக்குள் வந்தன. முகம் இல்லாத படம் எடுக்கலாமா என்று கேட்டேன். உடனே சரி என்றார். விரல் நுனியில் ஊசி குத்திய தழும்பு தெரிகிறது அதில்.

இடையில் ஒரு செய்தி. காஸ்ப்ளே என்ற சொல்லை 1983-இல் ஒரு அனிமே இதழில் எழுதி நடப்புக்குக் கொண்டுவந்தவர் தகஹாஷி நொபுயுகி. உடையும் நடிப்பும் சேர்ந்த சொல் அது. படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் நடிப்பையே பார்க்கிறோம், வீர நிற்பு, கோபப் பார்வை. உடை என்ற பாதியை யாரோ இரவெல்லாம் விழித்துத் தைத்திருக்கிறார் என்பது சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

மதியத்துக்கு மேல் நீலக் கல் பெண்ணைத் தேடினோம். இன்று வந்திருப்பாரா என்றே தெரியாது. மேல்தளத்தில் இல்லை. கீழே தோட்டத்துப் பக்கம் போனோம். இரண்டேமுக்கால் மணிக்குத் தம்பிதான் பார்த்தான், கூட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தடி நுனியை.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். தம்பி மூலம் சொன்னேன், நேற்று விளக்கைக் கவனிக்கவில்லை, மன்னியுங்கள், இன்னொரு முறை முயற்சி செய்யட்டுமா என்று. அட்டையைப் பார்த்ததும் கல்லைத்தான் காட்டினார். உள்ளே விளக்கு, தடிக்குள் வயர், அங்கியின் முதுகுப் பக்கம் உள்ளே தைத்த பையில் பேட்டரிப் பெட்டி, கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு விசை. இதற்காகவே சோல்டரிங் செய்யக் கற்றுக்கொண்டாராம். மூன்று முறை வயர் அறுந்து திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்.

வெயிலில் அந்த விளக்கு எப்படியும் தோற்றுவிடும். நேற்று முன்தினம் கோடு போட்டு வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். கட்டட நிழல் இந்நேரம் தோட்டத்தின் ஓரத்தை மூடியிருக்கும். அதிலும் ஒரு மூலை, மேலே கான்கிரீட் கூரை நீட்டிக்கொண்டு நல்ல இருட்டாக இருந்தது. படம் எடுக்க அனுமதித்த எல்லைக்குள்தான் என்று தன்னார்வலர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம். மூவரும் அங்கே போனோம்.

முதல் படம் கேமரா தன் விருப்பத்துக்கு எடுத்தது. இருட்டைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கியது, கல் வெள்ளைப் பொட்டாகப் போனது. கையால் அளவு வைத்தேன். லென்ஸ் திறப்பு எஃப் 1.8, ஷட்டர் 1/125, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 800. கல்லுக்குள் நீலம் தெரிந்தது, முகம் இருண்டுவிட்டது. அவரிடம் தடியை முகத்துக்கு அருகே கொண்டுவரச் சொன்னேன். ஒரு சாண் தூரத்தில் வந்ததும் கன்னத்தில் லேசாக நீலம் படர்ந்தது, கண்ணுக்குள் ஒரு புள்ளி விழுந்தது. வெள்ளைச் சமநிலையை நிழலுக்கு என்று பூட்டினேன். இல்லாவிட்டால் கேமரா அந்த நீலத்தைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும். ஒரு மூச்சு நிறுத்தி மூன்று படம்.

திரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார். தடி சாய்ந்து விழப் போனது, தம்பி ஓடிப்போய்ப் பிடித்தான். அதில் ஒரு வயர் நழுவி விளக்கு அணைந்தது. அவர் அங்கேயே முழங்காலிட்டு, அங்கியைத் திருப்பி, பேட்டரிப் பெட்டியை வெளியே எடுத்து, பல்லால் டேப்பைக் கிழித்து ஒட்ட ஆரம்பித்தார். வெள்ளி விக் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கேமராவைத் தொட்டுக் காட்டி, கண்ணால் கேட்டேன். தலையசைத்தார். ஒரே ஒரு படம் எடுத்தேன். விளக்கு திரும்ப எரிந்ததும் மூவரும் கைதட்டினோம்.

நாலு மணிக்கு விழா முடிந்ததாக அறிவிப்பு. மறுபடியும் எல்லாரும் கைதட்டினார்கள், தொடக்கத்தைவிட நீளமாக. கால் வலி உயிரை எடுத்தது. இரவு தம்பி வீட்டில் சோபா நூடுல்ஸ். ஆண்டின் கடைசி இரவில் இங்கே அதைத்தான் சாப்பிடுவார்களாம். நாங்கள் மேலே கொஞ்சம் ஊறுகாய் வைத்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள், ஜனவரி 1

நகரமே அமைதியாக இருக்கிறது. வெளியே போகாமல் படங்களோடு உட்கார்ந்தேன்.

நேற்று எடுத்தவை நூற்றுப்பத்து, நேற்று முன்தினத்தில் ஆறில் ஒரு பங்கு. வைத்துக்கொண்டவை நேற்றையவைதான் அதிகம். திருத்தியது குறைவு. விக் நிறம் கன்னத்தில் அடித்த பச்சையை எடுத்தேன், விக் ஓரம் நெற்றியில் தெரிந்த இடங்களில் மெல்லத் துடைத்தேன். முகத்தை மாற்றவில்லை. இங்கே பல காஸ்ப்ளேயர்கள் தங்கள் படத்தைத் தாங்களே திருத்திக்கொள்ள விரும்புவார்கள் என்று தம்பி சொன்னதால், திருத்தியதையும் திருத்தாததையும் சேர்த்தே ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். அவர்கள் சரி என்று சொல்லாத எதையும் இங்கே போடப் போவதில்லை. அதனால்தான் இந்தக் குறிப்புகளோடு படம் ஒன்றும் இல்லை.

சென்னை மாணவியின் அந்தப் பழைய படத்தையும் தேடி எடுத்தேன். சமோசாக்காரர் இன்னும் இருக்கிறார். அடுத்த முறை எங்காவது பார்த்தால் இந்த அட்டையில் உள்ள கேள்வியைத் தமிழில் கேட்பேன் என்று அந்த மாணவிக்கு ஒரு செய்தி எழுதி அனுப்பினேன்.

கவசக்காரர் பதில் போட்டுவிட்டார், தோள் படத்தை அச்சிட்டு மாட்டப் போகிறாராம். சற்று முன் நீலக் கல் பெண்ணிடமிருந்தும் வந்தது. கல் ஒளிரும் மூன்று படத்துக்கும் நன்றி சொல்லிவிட்டு, கீழே ஒரு வரி. தம்பி படித்துச் சொன்னான்: டேப்பைப் பல்லால் கிழிக்கும் படம் ஒன்று எடுத்தீர்களே, அதை ஏன் அனுப்பவில்லை, எனக்கு அதுதான் வேண்டும்.

விக் சரிந்திருக்கிறதே என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இதோ, அனுப்புகிறேன்.